ஒரு பாடம், முப்பது விதமான பிள்ளைகள்: வகுப்பை மாற்றி அமைப்பது எப்படி?

நான்காம் வகுப்புக்கோ ஐந்தாம் வகுப்புக்கோ புதிதாகப் பொறுப்பேற்று வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றபடி கற்பியுங்கள்’ என்று பயிற்சியில் கேட்டுவிட்டு வருவார்கள். முதல் வாரமே ஒரு பாடத்துக்கு மூன்று வகைப் பயிற்சித்தாள். ராத்திரி பதினோரு மணி வரை வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருப்பார்கள். மூன்றாவது வாரம் கை ஓய்ந்துவிடும். அப்புறம் பழையபடி கரும்பலகை, நோட்டு, “எல்லாரும் எழுதுங்க”.

பயிற்சித்தாள் கெட்டதில்லை. ஏழாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருக்கும் ஆறும் காசு செலவில்லாதவை. அவற்றை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பிள்ளைகளுக்குத் தனித்தாள் தேவைப்படாது.

நான் எழுதுவது ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சாதாரண வகுப்பறையை மனதில் வைத்து. முப்பது பிள்ளைகள், ஒரே டீச்சர். அதில் கரும்பலகை தெரியாத ஒருவன், ஒரு காது மந்தமான ஒருத்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் இரண்டு மூன்று பேர், அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தை, பீகாரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன ஒரு பையன், ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்தவன் முதுகில் குத்தும் ஒரு சுட்டி. எல்லாருக்கும் அதே நாற்பது நிமிடம்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில். தடித்த மார்க்கர் பேனா ஒன்று. பழைய மாதக் காலண்டர் தாள்கள். அவற்றின் வெள்ளைப் பின்பக்கம் பெரிய எழுத்துக்கு அருமையான இடம். ஒரு டப்பா புளியங்கொட்டை. கல்யாணப் பத்திரிகை அட்டைகள் நாலைந்து. எதற்கு என்று ஆறாவது படியில் சொல்கிறேன். வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார் என்பதையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வரும் நாளில் நீங்கள் விடுப்பில் இருந்தால் ஒரு மாதம் வீண்.

1. பத்து நாள் பாருங்கள், பெயர் வைக்காதீர்கள்

முதல் பத்து வேலை நாள் எதையும் மாற்ற வேண்டாம். தினமும் மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து, மாலையில் ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். பத்து நாளில் முப்பது பேரும் முடிந்துவிடுவார்கள்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு: குணத்தை எழுதக் கூடாது, செயலை எழுத வேண்டும். ‘மந்தம்’, ‘கவனமில்லை’, ‘சோம்பேறி’ எல்லாம் குறிப்பாகாது; அவற்றை வைத்துக்கொண்டு நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. ‘புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சரியாக எழுதுகிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறான்’ என்பது குறிப்பு. அதிலேயே அடுத்த படி இருக்கிறது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பையன் எந்நேரமும் அடுத்தவன் நோட்டைப் பார்த்தே எழுதினான். காப்பியடிக்கிறான் என்று தண்டனையாகக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். ஒரு பருவம் முழுக்க. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு, பையனுக்குக் கிட்டப்பார்வை என்றது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்று அவன் கேட்டது: “டீச்சர், போர்டுல தேதி தினமும் எழுதுவீங்களா?”

சென்ற ஆண்டு ஆசிரியர் சொன்னதையும் கேளுங்கள், ஆனால் பத்து நாள் கழித்துக் கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் அவர் கண்ணால்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

2. கண்ணும் காதும் முதலில்

வாசிப்பு, கவனம், நடத்தை என்று எதைத் தொடுவதற்கும் முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது கேட்காத குழந்தைக்கு நீங்கள் எவ்வளவு அழகாகப் பயிற்சித்தாள் போட்டாலும், அதைப் பற்றிச் சொன்ன விளக்கம் போய்ச் சேராது.

கண்ணுக்கு: கரும்பலகையில் நான்கைந்து எழுத்துகளை வழக்கமான அளவில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பின் சுவரில் முதுகு சாய்த்து நிற்க வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் குவித்து மூடி (அழுத்தக் கூடாது) வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். எழுத்து தெரியாத பிள்ளைக்கு வட்டம், சதுரம், கூட்டல் குறி போதும். ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை குறைந்த பிள்ளைகள் இப்படி மூடிப் பார்த்தால்தான் அகப்படுவார்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் சமாளித்துவிடுவார்கள், அவர்களுக்கே தெரிந்திருக்காது.

காதுக்கு: பிள்ளைக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, ஒரு காதை அவர்களே விரலால் அடைத்துக்கொள்ள, மூன்று எண்களைக் கிசுகிசுப்பாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வையுங்கள். முன்னால் நின்று சொன்னால் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடும். காதில் சீழ் வடியும் பிள்ளைகளை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கேட்கும் திறன் ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. ‘சொன்னா கேக்கிறதே இல்லை, சில நாள் நல்லா இருக்கான்’ என்ற புகாருக்குப் பின்னால் பல தடவை சளிதான் இருக்கிறது.

இது மருத்துவப் பரிசோதனை கிடையாது, சல்லடை மட்டுமே. சந்தேகம் வந்தவர்களின் பட்டியலைத் தலைமை ஆசிரியர் வழியாகப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்களை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள்.

3. இடத்தை மாற்றுங்கள்

பார்வை குறைந்த பிள்ளை முன்வரிசை நடுவில். அதற்கு முன் அந்த இடத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையில் ஒரு பக்கம் பளபளக்கிறதா என்பது நின்றால் தெரியாது, அந்த உயரத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

காது மந்தமான பிள்ளையை முதல் வரிசையில் போடாமல், இரண்டாவது வரிசையில் ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். முதல் வரிசையில் இருந்தால் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவிக்கும். ஓரத்தில் இருந்தால் லேசாகத் திரும்பினாலே முகங்கள் தெரியும். மின்விசிறி கடகடக்கிற இடத்துக்கு நேர் கீழே வேண்டாம். காதொலிக் கருவி உங்கள் குரலைப் பெரிதாக்குகிற மாதிரியே அந்தக் கடகடப்பையும் பெரிதாக்கும்.

ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளையை வாசல், ஜன்னல் இரண்டிலிருந்தும் தள்ளி, எழுந்து நின்றால் யாரையும் மறைக்காத ஓரத்தில் வையுங்கள். நின்றுகொண்டு எழுதினால் எழுதட்டும். நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் எடுத்து வருவது போன்ற வேலைகளை அவனுக்கே கொடுத்தால், அவன் எழுவது உங்கள் கணக்கில் எழுந்ததாகிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ‘தேவை உள்ளவர்கள்’ அத்தனை பேரையும் சேர்த்து ஒரே பெஞ்சில் போடுவது. மூன்றே நாளில் மற்றப் பிள்ளைகள் அந்த பெஞ்சுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எந்தக் கற்றல் நிலையில் இருக்கிறது என்று காட்டும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகளுக்கும் இதே எச்சரிக்கை. அது அந்தந்தப் பாடத்துக்கான நிலை. தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம், அப்போது எழுந்துபோய் இடம் மாறி உட்கார வேண்டும். நாள் முழுக்க ஒரே குழுவில் இருந்தால் நிலை ஜாதியாகிவிடும்.

4. உங்கள் குரல், உங்கள் பலகை

பலகையில் எழுதும்போது எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் விளக்கம் சொல்வதை, திரும்பி நின்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது பார்வை குறைந்தவனுக்கு, இரண்டாவது காது மந்தமானவளுக்கு. ‘இது’, ‘அது’, ‘இங்க பாருங்க’ என்பதைக் குறைத்து, ‘இரண்டாவது வரியில் இருக்கும் 24’ என்று சொல்லிப் பழகுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. “நோட்டை எடுத்து, தேதி போட்டு, நாற்பத்திரண்டாம் பக்கம் மூணாவது கணக்கைச் செய்து, முடிச்சதும் கொண்டு வாங்க” என்பதில் நான்கு வேலை இருக்கிறது. நினைவில் வைக்கச் சிரமப்படும் பிள்ளை முதல் வேலையோடு நின்றுவிடும். நின்ற இடத்தில் அதற்கு ‘சொல் பேச்சுக் கேட்காதவன்’ என்று பெயர். பலகையின் இடது மூலையில் 1, 2, 3 என்று அன்றைய வேலையை எழுதிவிடுங்கள். மூலையை அழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சும்மா ஒன்று முதல் ஐந்து. முதல் வாரம் அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். இரண்டாவது வாரம், இதுவரை கை தூக்காத ஒரு கை எழும்.

5. பாடத்தின் இலக்கை ஒரே வரியில் எழுதுங்கள்

இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். பிடிக்காதவர்கள், பாடத்தை எளிதாக்குகிறேன் என்று பாடத்தையே எடுத்துவிடுவார்கள்.

ஒரு வகுத்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு கூடையில் 24 கொய்யாப்பழங்கள் உள்ளன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கு எத்தனை கிடைக்கும்?’ இதன் இலக்கு என்ன? சமமாகப் பிரிப்பது வகுத்தல் என்று கண்டுபிடித்து, வகுத்துச் சொல்வது. அவ்வளவுதான். ‘கொய்யாப்பழங்கள்’ என்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பது இலக்கில் இல்லை. கேள்வியை நோட்டில் அழகாக எழுதுவதும் இல்லை. 24 என்பதைத் தமிழில் சொல்லத் தெரிவது கூட இல்லை.

இப்போது ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள். வாசிக்கத் திணறுபவன் ‘கொய்யா’விலேயே நிற்கிறான், நீங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தால் போதும், கணக்கை அவனே போடுவான். எழுதத் திணறுபவளிடம் கேள்வியை எழுதச் சொல்லாதீர்கள். கணக்கு எண்ணைப் போட்டு விடையை மட்டும் எழுதட்டும். பீகார்ப் பையனுக்கு ‘சமமாக’ என்ற சொல்தான் முட்டுக்கட்டை. ஆறு கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டையைப் பங்கு வைத்துக் காட்டினால் “பராபர்!” என்று அவனே இந்தியில் கத்துவான். அந்தச் சொல்லைப் பலகையில் ‘சமமாக’ பக்கத்தில் எழுதிவிடுங்கள், மற்றவர்களும் ஒரு சொல் கற்றுக்கொள்ளட்டும்.

ஒருவருக்கும் கணக்கு எளிதாக்கப்படவில்லை. உள்ளே வரும் கதவு மட்டும் மாறியது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு மட்டும் இலக்கையும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும்: 24-க்குப் பதில் 12 புளியங்கொட்டை, மூன்று தட்டு, ‘எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?’. அதுவும் வகுத்தல்தான், அதே நேரத்தில், அதே வகுப்பில். ‘இந்தா, படத்துக்குக் கலர் அடி’ என்று கொடுத்து உட்கார வைத்தால் அது மாற்றி அமைப்பதாகாது. வகுப்பில் வைத்துக்கொண்டே வெளியே அனுப்புவது அது.

பாடக்குறிப்பு எழுதும்போது மேலே ஒரு வரி இலக்கு, அதன் கீழே ‘இன்றைக்கு இலக்கில் இல்லாதது’ என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை எழுதுபவர்கள் குறைவு. அதுதான் அதிகம் உதவும்.

6. வாசிப்பில் திணறும் பிள்ளை: எந்த எழுத்தில் நிற்கிறது?

வகுப்புக்கு இரண்டு பேராவது இப்படி இருப்பார்கள், அதனால் இங்கே கொஞ்சம் அதிகம் நிற்கிறேன்.

வாசிப்புத் திணறலின் அறிகுறிகள் என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து, எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா என்று பலர் தேடுவார்கள். தமிழில் தடுமாற்றம் வேறு இடங்களில் வரும். கொம்பு அதில் முதல். ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவது க். ‘கொ’ இன்னும் மோசம்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடிக்கும் பிள்ளை இங்கே சிக்கிக்கொள்ளும். ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று படித்தால் திட்டாதீர்கள், அது கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் படிக்கிறது. துணைக்காலும் ‘ர’வும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது இன்னொரு வில்லங்கம்.

அடுத்தது உகர வரிசை. மற்ற வரிசைகளில் பெரும்பாலும் ஒரே குறியை எல்லா எழுத்துக்கும் போட்டுவிடலாம். உகரத்தில் அப்படி இல்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி; சு, பு, யு, வு வேறு மாதிரி; து, நு, ணு, லு, று, னு இன்னொரு மாதிரி. அகர வரிசைப்படி க முதல் ன வரை ஒரே மூச்சில் ஒப்பிக்க வைத்தால் வாய் பாடும், கண் பார்க்காது. இந்த மூன்று குடும்பமாகப் பிரித்து, வாரம் ஒரு குடும்பமாகக் காட்டுங்கள்.

அதனால் வேலையின் வரிசை இப்படி. முதலில் எழுத்தே இல்லாமல் காதால்: ‘பட்டம்’ எந்த ஒலியில் தொடங்குகிறது, ‘கல்’ என்பதில் முதல் ஒலியை மாற்றினால் ‘பல்’ வருமா? இது வராத பிள்ளைக்கு எழுத்து அட்டையைக் காட்டிப் பயனில்லை. இது வந்தபின் மெய்யும் அகரமும் உள்ள சொற்கள்: படம், மரம், பழம். பிறகு கால் ஏறியவை, பிறகு விலங்கு (கி, கீ என்பவற்றின் மேல் வரும் குறி) ஏறியவை, உகரக் குடும்பங்கள், கடைசியில் கொம்பு. புத்தகத்தின் முதல் பாடம் கொம்பு போட்ட சொல்லில் தொடங்கினாலும் நீங்கள் இந்த வரிசையை விடாதீர்கள்.

வகுப்புப் பாடத்தையும் விட முடியாது, இல்லையா? அதற்குத்தான் கல்யாணப் பத்திரிகை அட்டை. நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு நீளமாகச் சன்னல் வெட்டுங்கள். பக்கத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தால் மேல் வரியும் கீழ் வரியும் கண்ணை இழுக்காது. பத்தியில் உள்ள நீளமான சொற்களைப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு உடைத்துக் கொடுங்கள்: ‘பள்ளிக்/கூடத்/திற்குச்/ சென்/றான்’. காலண்டர் தாளில் அந்தப் பத்தியைப் பெரிதாக, சொற்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு எழுதினால் பார்வை குறைந்த பிள்ளைக்கும் அதே தாள் ஆகும். ஒரு தாள், இரண்டு பேர்.

திடீரென்று எழுப்பி ‘நீ படி’ என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அவன் படிக்க வேண்டிய மூன்று வரியை இன்றைக்கே காட்டிவிடுங்கள். வீட்டில் அக்காவிடம் கேட்டுத் தயாராக வருவான். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. வரியை விரலால் தொட்டுப் படிக்கச் சொன்னால் மனப்பாடமே வாசிப்பாக மாற ஆரம்பிக்கும்.

பிழையைப் பத்துத் தடவை எழுத வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ‘மனல்’ என்று எழுதியவன் பத்தாவது முறையும் ‘மனல்’ என்றே எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் அழகாகியிருந்தது. ன-ண, ர-ற, ல-ள-ழ பிழைகளைத் தமிழ்ப் பாடவேளையில் திருத்துங்கள். அறிவியல் நோட்டில் ‘வேர் நீரை உரிஞ்சும்’ என்று எழுதியிருந்தால் அறிவியல் சரி, மதிப்பெண் முழுதாகப் போடுங்கள்.

7. இப்போது பயிற்சித்தாள், ஆனால் ஒன்றே ஒன்று

மூன்று தாள் வேண்டாம். ஒரே தாளை மூன்று மடிப்பாக அமையுங்கள். மேல் மடிப்பு எல்லாரும் செய்வது, நடு மடிப்பு பெரும்பாலோர் செய்வது, கீழ் மடிப்பு யோசிக்க வைப்பது. திணறும் பிள்ளைக்குக் கீழ்ப்பக்கத்தை மடித்துக் கொடுத்தால், தாள் முழுக்க கேள்வியாகத் தெரியாது, பயமும் குறையும். முடித்துவிட்டு அவனே மடிப்பைத் திறந்தால் தடுக்காதீர்கள்.

கீழ் மடிப்பில் அதே மாதிரிக் கணக்கை இன்னும் பத்து போட்டு வைக்காதீர்கள். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும், அடுத்த நாள் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வான் அந்தச் சுட்டி. ‘24-ஐ வேறு எத்தனை விதமாக மீதியில்லாமல் பிரிக்கலாம்?’ என்று ஒரே கேள்வி வைத்தால் மணி அடிக்கும் வரை ஓடும்.

8. பக்கத்துப் பிள்ளையின் உதவி

ஜோடி சேர்ப்பது நல்லது, ஒரே ஒரு விதி இருந்தால்: விடையைச் சொல்லக் கூடாது, அடுத்து என்ன செய்யணும் என்று மட்டும் சொல்லலாம். ஜோடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உதவும் பிள்ளை குட்டி டீச்சராகி அதிகாரம் பண்ணும். திணறும் பிள்ளைக்கும் எதையாவது சொல்லித்தரும் முறை வர வேண்டும். வரைவதில், விளையாட்டில், செடி பெயர் சொல்வதில், எதிலாவது.

9. பெற்றோரிடம் பேசுவது, எப்போது, எப்படி

இரண்டாவது வாரத்திலேயே கூப்பிட்டுவிடாதீர்கள். மேலே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பலித்த பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வேலையை விட்டு, அரை நாள் கூலியை விட்டு வருகிற அம்மாவிடம் குறையை மட்டும் சொல்லி அனுப்பினால், அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்கு அடிதான் விழும்.

“டீச்சர், எம்புள்ளைக்கு மூளை கம்மியா?” என்று நேராகவே கேட்பார்கள். “அப்படியெல்லாம் இல்லம்மா. கணக்கை வாயால கேட்டா டக்குன்னு சொல்றான். எழுத்தைச் சேர்த்துப் படிக்கத்தான் நேரமாகுது. இந்த அட்டையை வச்சுப் படிச்சா நல்லா வருது, பாருங்க” என்று சொல்லி, அம்மா முன்னாலேயே இரண்டு வரி படிக்க வையுங்கள். அதற்குப் பிறகு ‘சிறப்பாசிரியரிடம் ஒருதரம் காட்டுவோமா’ என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. முதல் வாக்கியத்திலேயே ‘மாற்றுத்திறனாளி சான்றிதழ்’ என்று ஆரம்பித்தால் அதன் பிறகு பள்ளிப் பக்கமே வர மாட்டார்கள்.

வீட்டு வேலையாக ஒன்றே ஒன்று கேளுங்கள். ‘தினமும் உட்கார்ந்து படிக்க வைங்க’ என்பது எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் செல்லாது. ‘ராத்திரி அவன் படிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க’ என்பது செல்லும்.

10. தேர்வும் தாள்களும்

ஐந்தாம் படியில் எழுதிய இலக்கு வரிதான் தேர்விலும் அளவுகோல். அறிவியலில் செடியின் பாகங்கள் தெரியுமா என்று பார்க்க, வாய்மொழியாகக் கேட்கலாம், நிஜச் செடியைப் பிடுங்கி வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வகை என்று கொடுத்தாலும் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

தேர்வில் மட்டும் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். கூடுதல் நேரமோ, கேள்வியை வாசித்துச் சொல்வதோ, வகுப்பில் பழகாமல் தேர்வன்று முதல் தடவையாகக் கிடைத்தால் பிள்ளை மிரளும்.

சான்றிதழ் வேலையைத் தொடக்கப்பள்ளியிலேயே ஆரம்பித்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காமல் போகலாம். சான்றிதழ் தரும் மருத்துவக் குழு முன்னால் போகும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் கொண்டுபோகாமல் உங்கள் நாற்பது பக்க நோட்டின் அந்தப் பக்கத்தையும், மாதம் ஒன்றாக எடுத்து வைத்த எழுத்து மாதிரிகளையும் கொடுத்து அனுப்புங்கள். பார்த்ததும் கேட்பார்கள், ‘எப்போதிலிருந்து?’ என்று. அந்தக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.

11. வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம்

வாரக் கடைசியில் நோட்டைத் திறந்து, செய்த மாற்றங்களைப் பாருங்கள். பலித்ததற்கு ஒரு டிக். மூன்று வாரமாகப் பலிக்காததை அடித்துவிட்டு வேறொன்று. ஒரே பிள்ளைக்கு ஒரே வாரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும், அதனால் ஒரு நேரத்தில் ஒன்று.

பலித்ததையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சன்னல் அட்டை வைத்துப் படிக்கும் பிள்ளையிடம் மாதம் ஒருமுறை அட்டை இல்லாமல் இரண்டு வரி கேட்டுப் பாருங்கள். வந்தால் அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடலாம், தேவைப்பட்டால் அவனே எடுத்துக்கொள்வான். எதுவுமே பலிக்காத பிள்ளை ஒன்று இருந்தால் புதிய உத்தி தேடாமல் இரண்டாவது படிக்குத் திரும்பிப் போய், கண்ணையும் காதையும் இன்னொரு முறை பாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.